ஈட்டிய ஆண்டுகள்: ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தில் கற்றவை

அரசு வளாகம் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டவன் நான். துப்புரவு, லிஃப்ட், தண்ணீர் பம்பு, ஏசி, காவல் என்று எல்லாவற்றையும் வெளி நிறுவனங்களிடம்தான் கொடுத்திருந்தோம். அந்தக் காலத்தில் என் கை தானாகவே எழுதும் ஒரு வாக்கியம் உண்டு: ‘புதிய டெண்டர் முடிவாகும் வரை தற்போதைய ஒப்பந்தத்தை மேலும் 3 மாதங்களுக்கு நீட்டிக்கலாம்.’ எத்தனை ஃபைல்களில் எழுதினேன் என்று கணக்கில்லை.

அந்த நீட்டிப்புக்கும் வேலை நன்றாக நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. டெண்டர் ஆவணம் தயாராகவில்லை, குழு கூடவில்லை, கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், அதனால் நீட்டிப்பு. நன்றாகச் செய்தவருக்கும் 3 மாதம், சொதப்பியவருக்கும் 3 மாதம். ஒரு துப்புரவு நிறுவனத்துக்கு இப்படித் துண்டு துண்டாக 16 மாதங்கள் கொடுத்திருக்கிறோம். முதல் ஆண்டில் பளிச்சென்று வேலை செய்த நிறுவனம் அது. நீட்டிப்புக் காலத்தில் தரை கழுவும் இயந்திரம் பழுதானது. அதைச் சரிசெய்யாமல், துடைப்பத்தையும் ஆட்களையும் வைத்தே ஒப்பேற்றினார்கள். கோபமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். உரிமையாளர் நிதானமாகச் சொன்னார்: “சார், மூணு மாசம் கழிச்சு நான் இங்க இருப்பேனான்னு உங்களுக்கே தெரியாது. எந்த நம்பிக்கையில நான் மெஷின் வாங்குறது?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் ஒப்பந்தக் காலம் என்பதையே பரிசாகக் கொடுக்க முடியுமா என்று தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது இரண்டு முன்னுதாரணங்கள் கண்ணில் பட்டன. ஒன்று அமெரிக்க விமானப்படையுடையது. அங்கே நெடுங்காலமாக நல்ல வேலைக்குப் பணப் பரிசு தரும் ஒப்பந்தங்கள் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள்: பணத்துக்குப் பதில் கூடுதல் ஒப்பந்தக் காலம். மற்றொன்று லண்டன் பேருந்துகள். 2000களின் தொடக்கத்திலிருந்து அங்கே வழித்தடங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு 5 ஆண்டுகளுக்குக் கொடுத்து, குறித்த தரத்தில் ஓட்டினால் இன்னும் 2 ஆண்டு தரும் முறை வந்தது. அடிக்கடி பேருந்து வரும் தடங்களில் அவர்கள் அளந்தது ஒரே விஷயத்தை: அட்டவணைப்படி காத்திருக்க வேண்டியதைவிடப் பயணி எவ்வளவு கூடுதலாக நிறுத்தத்தில் நின்றார்? அந்தக் கணக்கில் நன்றாக வந்தால் ஒப்பந்தத் தொகையில் 15 சதவீதம் வரை போனஸ், மோசமாக வந்தால் 10 சதவீதம் வரை பிடித்தம்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் புரிய நாளாயிற்று. எங்கள் ஒப்பந்தங்களிலும் ‘தேவைப்பட்டால் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படலாம்’ என்ற வரி ஏற்கெனவே இருந்தது. அது முழுக்க எங்கள் விருப்பம். ஒப்பந்ததாரர் தலைகீழாக நின்று வேலை செய்தாலும், நாங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஈட்டிய நீட்டிப்பு, அதாவது நல்ல வேலையால் ஒப்பந்ததாரர் சம்பாதிக்கும் கூடுதல் காலம், வேறு சாதி. மதிப்பெண் வந்துவிட்டால் அந்த ஆண்டு அவருடையது. அந்த வேலை இனியும் தேவைப்பட வேண்டும், நிதி ஒதுக்கீடு வர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் அலுவலகத்தின் கையில் இருக்கும். அந்த இரண்டையும் எழுதாமல் விட்டால் வம்பு. பட்ஜெட் வராத ஆண்டில் அரசு எதைக் கொண்டு பணம் கொடுக்கும்?

சரி, எங்கள் முதல் முயற்சிக்கு வருகிறேன். மின்சாரம், பம்பு, ஏசி மூன்றையும் சேர்த்த ஒரு பராமரிப்பு ஒப்பந்தம். அடிப்படைக் காலம் 3 ஆண்டு, ஈட்டக்கூடியது 4 ஆண்டு, உச்சவரம்பு 7. மதிப்பீட்டுப் படிவத்தை நானே உட்கார்ந்து தயாரித்தேன். 31 இனங்கள். சீருடை, அடையாள அட்டை, லாக் புக் கையெழுத்து, பேச்சில் மரியாதை என்று மனதில் தோன்றியதெல்லாம் அதில் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. ஐந்து கட்டடங்களிலிருந்தும் வந்த படிவங்களில் எல்லா இனத்துக்கும் 9. ஏசி 4 நாள் ஓடாத கட்டடத்திலிருந்தும் 9! அந்தக் கட்டடத்தின் பொறுப்பாளரைக் கேட்டேன். “6 போட்டா காரணம் எழுதணும், ஆதாரம் இணைக்கணும், அப்புறம் அவங்க ஆளுங்க வந்து ஏன் 6னு கேப்பாங்க. 9 போட்டா யாரும் எதுவும் கேக்கிறதில்ல” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்த மதிப்பெண் போடுகிறவருக்கு வேலை கூடுகிறது என்றால் யார் போடுவார்கள்?

இது எங்கள் வளாகத்தின் தனி நோயும் கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. திட்டங்கள் நினைத்தபடி முடிந்தனவா இல்லையா என்று பாராமலே பாதுகாப்புத் துறை சுமார் 800 கோடி டாலர் பரிசுக் கட்டணம் கொடுத்திருப்பதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு காலகட்டத்தில் தவறவிட்ட பரிசை அடுத்த காலகட்டத்தில் திரும்பப் பெற வாய்ப்புக் கொடுத்ததையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ராக்கெட் விடுகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால் பம்பு ஓட்டுகிற நாங்கள் எம்மாத்திரம்?

படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு 5 இனங்களில் நிறுத்தினோம். முக்கிய இயந்திரங்கள் எத்தனை மணி நேரம் ஓடின. அவசரப் புகார் எவ்வளவு நேரத்தில் தீர்ந்தது. தீர்த்ததாகச் சொன்ன புகார் 15 நாளில் திரும்பி வந்ததா. முன்கூட்டிய பராமரிப்பு அட்டவணைப்படி நடந்ததா. தொழிலாளர்களுக்குச் சம்பளம் தேதி தவறாமல் போனதா. இந்த ஐந்தும் பதிவேட்டிலிருந்தே வரும். யாருடைய தாராள மனசும் தேவையில்லை. மேற்பார்வையாளரின் சொந்த அபிப்பிராயத்துக்குத் தனியாக ஒரு பத்தி வைத்தோம். அதற்கு மதிப்பெண் கிடையாது. விசித்திரம் என்னவென்றால், மதிப்பெண் இல்லை என்றானதும் அந்தப் பத்தியில் எல்லோரும் உண்மையை எழுத ஆரம்பித்தார்கள்.

இந்த ஐந்துக்கு வருவதற்கு முன், புகார் எண்ணிக்கையை மதிப்பெண்ணாக வைத்து ஒரு முறை சூடு பட்டதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரர் தன் செலவில் ஒரு போன் எண் கொடுத்து, 24 மணி நேரமும் ஆள் உட்கார வைத்தார். அடுத்த மாதமே புகார்கள் இரண்டு மடங்கு. வேலை கெட்டுப்போகவில்லை. அதுவரை ‘சொல்லி என்ன ஆகப்போகிறது’ என்று இருந்தவர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் படிவம் அந்த மனிதருக்கு 12 மதிப்பெண்ணைக் குறைத்தது. அவர் போன் எண்ணை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். புகார் வராமல் பார்த்துக்கொள்வது எளிது, கதவை மூடினால் போதும். அன்றோடு எண்ணிக்கையை விட்டுவிட்டு, தீர்க்க எடுத்த நேரத்துக்கும் திரும்பி வந்த புகாருக்கும் மாறினோம்.

அடுத்த பாடம் எனக்குக் கொஞ்சம் கசந்தது. ஒரு அரையாண்டில் மதிப்பெண் சரிந்து, அவர் ஓராண்டை இழக்கும் நிலை வந்தது. விதிப்படி வரைவு மதிப்பீட்டை அவருக்கு அனுப்பி, பதில் சொல்ல 14 நாள் கொடுத்தோம். அவர் ஓர் அட்டவணையை அனுப்பினார். தாமதமான 14 வேலைகள், ஒவ்வொன்றிலும் எந்தத் தேதியில் எங்களிடம் உதிரிபாக அனுமதி கேட்டார், எந்தத் தேதியில் அனுமதி வந்தது என்று. 14இல் 11 தாமதங்கள் எங்களுடையவை. அதில் மூன்று ஃபைல்கள் என் மேசையில்தான் தூங்கியிருந்தன. மதிப்பீட்டுக் குழுவில் நானே அதைப் படித்துக் காட்ட வேண்டி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

அதற்குப் பிறகு கடிகாரத்தை இரண்டாகப் பிரித்தோம். அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரம் அலுவலகத்தின் கணக்கு, அனுமதி வந்த பிறகு ஓடுவது ஒப்பந்ததாரரின் கணக்கு. இப்படி ஒரு முறையை யாராவது தொடங்குவதாக இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒப்பந்ததாரரின் பதிலை இணைக்காத மதிப்பெண் பட்டியலை மேலே அனுப்பாதீர்கள். அமெரிக்காவின் ஒப்பந்ததாரர் செயல்திறன் பதிவேட்டில் 5 படித் தரம் இடுவார்கள், கூடவே ஒப்பந்ததாரரின் கருத்தும் பதிவாகும். அந்தக் கருத்துக்கு உள்ள மதிப்பு, அடி வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி காலக் கணக்கு. இந்த முறை பிழைப்பதும் சாவதும் இதில்தான். முதல் வரைவில், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு முடிவில் மதிப்பிட்டு, அடுத்த ஆண்டைக் கொடுப்பதாக எழுதியிருந்தேன். படிக்க நியாயமாகத் தெரியும். நடைமுறையில் முடிவு தெரியும்போது 2 மாதம்தான் பாக்கி இருக்கும். அவர் தோற்றிருந்தால் புதிய டெண்டருக்கு எங்களுக்கு நேரமில்லை, மறுபடியும் அந்தப் பழைய ‘3 மாத நீட்டிப்பு’ வாக்கியம்தான். அதாவது தோற்றவருக்கும் நீட்டிப்பு! அவர் வென்றிருந்தாலும் இயந்திரம் வாங்க 12 மாதத்துக்கு மேல் தெம்பில்லை.

எனவே ஓர் ஆண்டு முன்தள்ளி வைத்தோம். 2ஆம் ஆண்டின் மதிப்பெண் 4ஆம் ஆண்டைத் தீர்மானிக்கும். 3ஆம் ஆண்டின் மதிப்பெண் 5ஆம் ஆண்டை. இப்படி இருந்தால் நன்றாகச் செய்கிறவருக்கு எப்போதும் ஓராண்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும். சரியாகச் செய்யாதவர் விஷயத்தில் எங்களுக்கு முழுசாக ஓராண்டு கிடைக்கும், நிதானமாக டெண்டர் போடலாம். ஈட்டிய ஆண்டு பறிபோகவும் வழி வைத்தோம்: அடுத்தடுத்த இரண்டு அரையாண்டுகள் குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்குக் கீழே போனால், இன்னும் தொடங்காத ஆண்டு ஒன்று ரத்து. முதலாம் ஆண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. புது இடத்தில் எந்த வால்வு எந்தக் கட்டடத்துக்கு என்று கண்டுபிடிக்கவே பாதி ஆண்டு போய்விடும்.

எவ்வளவு மதிப்பெண்ணுக்கு ஓராண்டு என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒப்பந்தத்தில் சொன்னதை ஒழுங்காகச் செய்தால் போதாதா என்று கணக்குப் பிரிவு கேட்டது. என் கருத்து வேறு. சொன்னதைச் செய்ததற்குத்தான் மாதாமாதம் பில் பாஸ் ஆகிறதே. அமெரிக்காவில் பின்னர் வந்த பரிசுக் கட்டண விதியிலும் ‘திருப்திகரம்’ என்ற தரத்துக்குப் பரிசுத் தொகையில் பாதிக்கு மேல் கிடையாது, அதற்குக் கீழே போனால் ஒன்றுமே கிடையாது. பாதி ஆண்டு என்று கொடுக்க முடியாதே. அதனால் 100க்கு 85 என்று வைத்தோம். 95 வைக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். எட்டவே முடியாத கோட்டைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள் என்று அவரைச் சமாதானப்படுத்த இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7 ஆண்டுகளுக்குமான விலையையும் முதல் டெண்டரிலேயே வாங்கி, மொத்தத்தையும் சேர்த்து ஒப்பிட்டுத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் 3 ஆண்டைக் கழிசல் விலைக்குக் கேட்டு உள்ளே நுழைந்து, 4ஆம் ஆண்டில் உங்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். குறைந்தபட்சக் கூலி அரசாணையில் உயர்ந்தால் அந்த வித்தியாசத்தை மட்டும் தானாகக் கூட்டித் தரும் சூத்திரமும் வேண்டும். ஒரு துப்புரவு ஒப்பந்தத்தில் நாங்கள் அதை வைக்க மறந்தோம். கூலி உயர்ந்த மாதத்தில் 40 பேர் 34 பேர் ஆனார்கள், வருகைப் பதிவேட்டில் மட்டும் 40 பேர் இருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 4ஆம் ஆண்டு நீட்டிப்பு ஆணை போனதும், முதல் டெண்டரில் தோற்ற நிறுவனம் ஒன்று மனு கொடுத்தது: ‘டெண்டர் இல்லாமல் வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.’ தணிக்கைக்காரர்களும் அதே கேள்வியோடு வந்தார்கள். நல்லவேளை, நீட்டிப்பு விதி முழுவதும் முதல் டெண்டர் ஆவணத்திலேயே இருந்தது. மனு கொடுத்த நிறுவனமும் அதைப் படித்து, 7 ஆண்டுக்கும் விலை எழுதித்தான் போட்டியிட்டிருந்தது. அரையாண்டு மதிப்பெண்களை அப்போதைக்கப்போது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததும் கைகொடுத்தது. விதியை ஒப்பந்தம் நடக்கும்போது இடையில் செருகியிருந்தால் என் வேலைக்கே ஆபத்து வந்திருக்கும்.

ஆனால் அந்த நிறுவனத்தின் ஆதங்கத்தில் பாதி உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 7 ஆண்டு ஒரே கை என்றால் மற்றவர்களுக்கு 7 ஆண்டு கதவு மூடியிருக்கிறது. சின்ன நிறுவனங்கள் அவ்வளவு நாள் காத்திருக்காது, வேறு தொழிலுக்குப் போய்விடும். அமெரிக்க மத்திய அரசின் விதிகளில் சேவை ஒப்பந்தங்கள், நீட்டிப்பு விருப்பங்களையும் சேர்த்து, பொதுவாக 5 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருந்ததற்கு இப்படியொரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுச் சலுகை ஒப்பந்த (ஒரு பொதுச் சேவையை நடத்தி அதன் வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தனியாருக்குத் தரும் ஒப்பந்தம்) நெறிமுறையில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: 5 ஆண்டுக்கு மேல் போவதானால், போட்ட முதலை நியாயமான லாபத்தோடு திரும்ப எடுக்கத் தேவையான காலத்தைத் தாண்டக் கூடாது. நான் பிறகு அதையே பின்பற்றினேன். ஏசி பராமரிப்பில் கருவிகளும் பயிற்சியும் தேவை, 7 ஆண்டு சரி. காவலுக்கு ஒரு டார்ச்சும் சீருடையும் போதும், அங்கே 4க்கு மேல் கொடுத்ததில்லை.

பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. 4ஆம் ஆண்டு உறுதியானதும் அந்த ஒப்பந்ததாரர் பம்புகளின் அதிர்வை அளக்கும் கருவி ஒன்றை வாங்கினார். தேய்ந்த பேரிங்கை உடைவதற்கு முன்பே மாற்றத் தொடங்கினார்கள். இரவு 2 மணிக்கு எனக்கு வரும் போன்கள் கிட்டத்தட்ட நின்றேபோயின. 5ஆம் ஆண்டில் ஓர் ஆண்டை இழக்கும் விளிம்புவரை போய், 86 எடுத்துத் தப்பினார். அந்த 86ஐ நான் கூட்டிப் போட்டதாக ஒரு பேச்சு வந்தது. பதிவேட்டைத் திறந்து காட்டினேன், பேச்சு நின்றது.

நாங்கள் முன்கூட்டியே யோசிக்காதது கடைசிக் கட்டத்தை. 5ஆம் ஆண்டின் மதிப்பெண் 7ஆம் ஆண்டைத் தந்துவிட்டது. அதன் பிறகு ஈட்ட எதுவும் மிச்சமில்லை. 6ஆம் ஆண்டின் நடுவிலிருந்தே தளர்வு தெரிந்தது. நல்ல மெக்கானிக்குகள் இருவரை வேறு இடத்துக்கு மாற்றினார். முன்கூட்டிய பராமரிப்பு தள்ளிப்போனது. கேட்டால், “பார்த்துக்கலாம் சார்” என்ற பதில். பரிசு தீர்ந்துபோன பிறகு மதிப்பெண் வெறும் எண்தானே! அடுத்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் சேர்த்தோம். கடைசி இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண், அடுத்து நடக்கும் டெண்டரில் அனுபவத்துக்கான புள்ளியாகச் சேரும். பாதுகாப்பு வைப்புத் தொகையில் ஒரு பகுதி, இயந்திரங்களைக் கூட்டாகச் சோதித்து, சாவிகள், வரைபடங்கள், பராமரிப்புக் குறிப்புகள் எல்லாம் கைமாறிய பிறகே திரும்பக் கிடைக்கும். முதலாவது, அடுத்த டெண்டரில் அவர் கலந்துகொள்வதாக இருந்தால்தான் வேலை செய்யும். தொழிலையே மூடப்போகிறவரை அது ஒன்றும் செய்யாது. வைப்புத் தொகைதான் எல்லோரிடமும் வேலை செய்தது.

அந்த முதல் 7 ஆண்டு முடிந்து புதிய நிறுவனம் வந்த நாளில் பம்பு அறைக்குப் போயிருந்தேன். வால்வு அட்டவணையை யார் விளக்கப்போகிறார்கள் என்று கவலையாக இருந்தது. உள்ளே பழைய பம்பு ஆபரேட்டரே நின்றுகொண்டிருந்தார், புது நிறுவனத்தின் சட்டையில். சம்பளம் என்ன என்று கேட்டேன். “அதேதான் சார். ஏழு வருஷ சர்வீஸ் மட்டும் இன்னிக்கு ஒண்ணாம் நாள்னு எழுதிட்டாங்க” என்றார். ஈட்டிய ஆண்டுகளில் அவருக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்று, பணிமூப்பைக் கைமாற்றும் விதியொன்றை அடுத்த டெண்டருக்கு வரைந்து அனுப்பினேன். அது மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை, ஊதியப் படி மட்டும் தொடரும் என்று சுருக்கி ஒப்புக்கொண்டார்கள்.